ஃபெண்டர் ஃபிளேர் போல்ட் எல்லாம் துரு: எப்படிக் கழற்றுவது, திரும்ப எதை வைத்துப் பூட்டுவது?

தெலுக்கும்பார்_ஹைலக்ஸ் (பினாங்கு)

வணக்கம் நண்பர்களே. வண்டி 1995 ஹைலக்ஸ் டபுள் கேப், 2.8 டீசல், ஃபோர் வீல். எனக்கு முன்னால் வைத்திருந்தவர் அகலமான டயர் போட்டு, அதை மூடுவதற்காக நான்கு பக்கமும் கறுப்பு பிளாஸ்டிக் ஃபிளேர் பூட்டியிருக்கிறார். கம்பெனி ஃபிளேர் இல்லை, வெளியில் வாங்கிய செட். ஃபெண்டர் (சக்கரத்துக்கு மேலே உள்ள பாடி) தகரத்தில் நேராகத் துளை போட்டு, வெளியே 6 மில்லி போல்ட், உள்ளே வாஷர், நட். அவ்வளவுதான்.

சின்ன ஃபைபர் படகு ஒன்று இருக்கிறது. லீவு நாளில் டிரெய்லரில் இழுத்துப்போய்க் கடற்கரையில் இறக்குவேன். பின் சக்கரம் உப்புத் தண்ணீரில் நனையாமல் அந்த வேலை நடக்காது. வீட்டுக்கு வந்ததும் வண்டியைக் கழுவுகிறேன். ஆனால் ஃபிளேருக்குப் பின்னால் நல்ல தண்ணீர் போய்ச் சேர்கிறதா என்பதே சந்தேகம்.

இப்போது வேகத்தடையில் ஏறினால் பின் இடது ஃபிளேர் தடதடக்கிறது. ஸ்பேனர் போட்டுப் பார்த்தேன். சில போல்ட் அசையவே இல்லை. சில போல்ட் சும்மா சுற்றுகிறது, வெளியே வரவில்லை. ஓரத்து ரப்பருக்கு மேலே பெயிண்ட் கொப்பளித்திருக்கிறது. விரலால் அழுத்தினால் உள்ளே மொறுமொறு என்கிறது.

பிளாஸ்டிக் உடையாமல் இதைக் கழற்ற வழி உண்டா? துளைகள் கெட்டிருந்தால் என்ன செய்வது? திரும்பப் பூட்டும்போது ஸ்டெயின்லெஸ் போட்டால் தொல்லை தீருமா? ஃபிளேரே வேண்டாம் என்று விட்டுவிடலாமா என்றுகூட ஒரு எண்ணம். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


செந்தூல்_டீசல் (கோலாலம்பூர்)

பிரதர், பழைய போல்ட்டை எல்லாம் கிரைண்டரில் அறுத்துத் தள்ளுங்கள். ஸ்டெயின்லெஸ் போல்ட், நட், வாஷர் வாங்கிப் பூட்டுங்கள். நான் என் பழைய வண்டிக்கு அப்படித்தான் செய்தேன். பல வருடம் ஆகிறது, ஒரு பொட்டுத் துரு கிடையாது.


பிறை_பட்டறை (பட்டர்வொர்த் பக்கம்)

தம்பி, ஸ்பேனரைக் கொஞ்சம் கீழே வையுங்கள். கிரைண்டரும் இப்போதைக்கு வேண்டாம். அசையாத போல்ட் வேறு, சும்மா சுற்றும் போல்ட் வேறு. இரண்டையும் ஒரே மாதிரி கழற்றப் போனால் ஃபிளேர் பிளந்துவிடும்.

முதலில் சக்கரத்தைக் கழற்றுங்கள். ஜாக்கை மட்டும் நம்பாமல் வண்டியை ஸ்டாண்டில் உட்கார வையுங்கள். சக்கர வளைவுக்குள் தலையை விட்டு ஒவ்வொரு நட்டையும் கண்ணால் பாருங்கள். நட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மரையில்தான் விஷயமே இருக்கிறது. அதில் மண்ணும் துருவும் கட்டி பிடித்திருக்கும். அப்படியே திருகினால் நட் அந்தக் கட்டியில் ஏறி இறுகி, போல்ட் பாதியில் முறியும். கம்பி பிரஷ் வைத்து மரையின் பள்ளம் தெரியும்வரை தேயுங்கள். இதில் அவசரப்படாதீர்கள்.

அப்புறம் எண்ணெய். நிறையப் பேர் டபிள்யூடி-40 அடிக்கிறார்கள். ஈரத்தை விரட்டுவதற்காக 1953-ல் உருவாக்கிய பொருள் அது. லேசான துருவுக்குச் சரி, இந்த மாதிரிப் பிடித்துப்போன நட்டுக்குப் போதாது. துருவுக்குள் ஊடுருவும் பெனட்ரேட்டிங் ஆயில் என்றே தனியாக விற்கிறார்கள், அதை வாங்குங்கள். அசிட்டோனும் ஆட்டோ கியர் எண்ணெயும் சரிபாதி கலந்து அடிக்கலாம் என்று இணையத்தில் படித்திருப்பீர்கள். தனி இரும்பில் அது நன்றாக வேலை செய்யும், நானும் பயன்படுத்துவேன். ஆனால் ஃபிளேர் ஏபிஎஸ் பிளாஸ்டிக்காக இருந்தால் அசிட்டோன் அதைக் கரைத்துவிடும், பெயிண்டையும் தின்னும். உங்கள் வேலைக்கு அது வேண்டாம்.

சாயங்காலம் அடித்து, ஓர் இரவு ஊறவிடுங்கள். மறுநாள் ஆறு முனை சாக்கெட் போடுங்கள். பன்னிரண்டு முனை போட்டால் துருவில் தேய்ந்த தலை வழுக்கி உருண்டையாகிவிடும். முதலில் இறுக்கும் பக்கமாக ஒரு நூலளவு திருப்புங்கள். துருவின் பிடி விடும்போது கையில் ஒரு ‘டக்’ தெரியும். பிறகு கழற்றும் பக்கம் கால் சுற்று, திரும்ப உள்ளே கொஞ்சம், திரும்ப எண்ணெய். தேய்ந்துபோன தலையில் 10 மில்லி சாக்கெட் ஆடினால் 9 மில்லி சாக்கெட்டைச் சுத்தியலால் தட்டி ஏற்றுங்கள்.

சும்மா சுற்றும் போல்ட்டில் நட்டும் சேர்ந்து சுற்றுகிறது என்று அர்த்தம். உள்பக்கம் நட்டை வைஸ் கிரிப்பால் கவ்விப் பிடித்துக்கொண்டு வெளியே திருகுங்கள். கை போகாத இடத்தில் தலையின் நடுவில் சென்டர் பஞ்ச் வைத்துக் குத்தி, சின்ன டிரில்லில் ஆரம்பித்து 6.5 வரை ஏற்றுங்கள். தலை மட்டும் கழன்று டிரில்லோடு வந்துவிடும்.

போல்ட் முறிந்தால் கவலைப்படாதீர்கள், அது சில காசு. தகரமும் ஃபிளேரின் துளையும் முழுசாக இருக்க வேண்டும், அதுதான் முக்கியம்.


தெலுக்கும்பார்_ஹைலக்ஸ்

நன்றி அண்ணே. இவ்வளவு விளக்கமாக யாரும் சொன்னதில்லை. ஒரு சந்தேகம். கேஸ் டார்ச் வைத்துச் சூடு பண்ணினால் சீக்கிரம் வருமா?


கெப்போங்_எண்பது (கோலாலம்பூர்)

தம்பி, டார்ச்சைத் தொடவே தொடாதீர்கள். அப்பா வைத்துவிட்டுப் போன லேண்ட் குரூசர் 80 சீரிஸை நான்தான் பராமரிக்கிறேன். அதற்குக் கம்பெனியிலிருந்தே ஃபிளேர் உண்டு. ஒன்று உருகினாலோ உடைந்தாலோ ஜோடி தேடி, பழைய வண்டிப் பாகம் விற்கும் ஹாஃப்கட் கடை கடையாக அலைய வேண்டும். ஏபிஎஸ் 100 டிகிரியை நெருங்கும்போதே இளகி வளைந்துவிடும். டார்ச் நெருப்போ ஆயிரம் டிகிரிக்கு மேல். போதாததற்கு வளைவுக்குள் துருவுக்காக அடித்திருக்கும் அண்டர்கோட் பூச்சு பற்றிக்கொள்ளும். இப்போதுதான் எண்ணெய் வேறு அடித்திருக்கிறீர்கள்.

சூடு வேண்டுமென்றால் பெரிய சால்டரிங் அயர்ன் இருக்கிறதே, அதன் முனையை நட்டில் சாய்த்து வைத்துக் கொஞ்ச நேரம் பிடியுங்கள். சூடு நட்டுக்கு மட்டும் போகும். கையால் வளைவை அவ்வப்போது தொட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த அளவு சூட்டிலேயே துரு விரிசல் விட்டு எண்ணெய் உள்ளே இறங்கும்.

செந்தூல் அண்ணன் சொன்ன கிரைண்டர் பற்றியும் ஒரு வார்த்தை. அறுக்கும்போது பறக்கும் பொறி கண்ணாடியில் பட்டால் அப்படியே உருகிப் பதிந்துவிடும், எதைப் போட்டுத் துடைத்தாலும் போகாது. பெயிண்டில் பட்டால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. ஒரு மழை பெய்த பிறகு கதவெல்லாம் பழுப்புப் புள்ளியாகும். அறுத்தே ஆக வேண்டுமென்றால் ஈரச் சாக்கோ போர்வையோ போட்டு மூடிவிட்டுச் செய்யுங்கள். பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் வளைவுக்கு அடியில் தலையை விடாதீர்கள், துரு செதில் நேராகக் கண்ணில்தான் விழும்.


தெலுக்கும்பார்_ஹைலக்ஸ்

பின் இடது ஃபிளேர் வெளியே வந்துவிட்டது. பிளாஸ்டிக்கில் ஒரு கீறல்கூட இல்லை. அண்ணன் சொன்ன ‘டக்’ நிஜமாகவே கையில் தெரிந்தது. சால்டரிங் அயர்ன் யோசனைக்கு நன்றி அக்கா, கடைசியில் பிடிவாதமாக நின்ற போல்ட் அதில்தான் இறங்கியது.

உள்ளே கண்டதைச் சொல்கிறேன். ஃபிளேருக்கும் தகரத்துக்கும் நடுவில் மேலிருந்து கீழ்வரை ஈர மண். வண்டி கடல் பக்கம் போகாமல் நின்ற வாரம்தான் இது, அப்படியும் கையில் எடுத்தால் பிழியலாம் போல இருந்தது. மண்ணுக்குள் மணலும் சிப்பித் தூளும். யாரோ ஃபிளேரின் ஓரத்தில் பஞ்சு டேப் ஒட்டியிருக்கிறார்கள், அது தண்ணீரைக் குடித்து ஊறிப்போய் இருக்கிறது.

துளைகளைப் பற்றி. மேல் வரிசையில் இருப்பவை பரவாயில்லை, ஓரத்தில் மட்டும் துரு வளையம். வளைவின் பின்பக்கம் கீழே, டயர் மண் அடிக்கும் இடத்தில், இரண்டு துளைகள் விரல் நுழையும் அளவுக்குத் தின்றுபோயிருக்கின்றன. சுற்றிலும் தகரம் அடுக்கடுக்காக உரிகிறது. ஆச்சரியம் என்னவென்றால் துளைக்கு ஓர் அங்குலம் தள்ளி, ஃபிளேர் மூடிய இடத்திலேயே, பழைய வெள்ளைப் பெயிண்ட் புதுசு போல மின்னுகிறது.


சுங்கைபெசி_பூச்சு (கோலாலம்பூர்)

இந்தக் கடைசி வரியைப் பார்த்துத்தான் எழுத வந்தேன். உலோகப் பூச்சுத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனை என் வேலை.

கம்பெனியில் வண்டி செய்யும்போது துளைகளை முதலில் போட்டுவிட்டு, பிறகு முழு பாடியையும் பிரைமர் தொட்டியில் முக்கி எடுப்பார்கள். துளையின் விளிம்பிலும் பூச்சு ஏறிவிடும். உங்கள் வண்டியில் பெயிண்ட் எல்லாம் முடிந்த பிறகு யாரோ டிரில் போட்டிருக்கிறார்கள். டிரில் போன இடத்தில் வெறும் இரும்பு வளையம். ஃபிளேர் ஆடும்போதெல்லாம் போல்ட் அந்த வளையத்தை உரசுகிறது, மண் அங்கேயே ஈரத்தைப் பிடித்து வைக்கிறது. அதனால்தான் ஓர் அங்குலம் தள்ளிப் பெயிண்ட் நன்றாக இருக்க, துளை மட்டும் போய்விட்டது. துரு தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். நட் பிடித்துக்கொண்டதும் பெயிண்ட் கொப்பளித்ததும் அதனால்தான்.

இப்போது ஸ்டெயின்லெஸ் விஷயம். போல்ட் துருப்பிடிக்காது என்பது சரி. ஆனால் இரண்டு வேறு உலோகம் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு உப்புத் தண்ணீரில் நனைந்தால், அவற்றில் எளிதாகக் கரையக்கூடியது வேகமாகக் கரையும். ஸ்டெயின்லெஸ்ஸும் சாதாரண இரும்பும் சேர்ந்தால் கரைவது இரும்பு, அதாவது உங்கள் ஃபெண்டர். போல்ட் சின்னது, ஃபெண்டர் பெரியது, ஆகவே ஆபத்து குறைவு என்று ஒரு கணக்கு சொல்வார்கள். முழு ஃபெண்டரும் வெறும் இரும்பாக இருந்தால் அந்தக் கணக்கு சரி. உங்கள் ஃபெண்டரில் பெயிண்ட் இல்லாத இடம் துளையின் விளிம்பு மட்டும்தான். அரிப்பு மொத்தமும் அந்தச் சின்ன வளையத்தில் குவியும். இப்போதிருக்கும் துளையில் அப்படியே ஸ்டெயின்லெஸ் போட்டால் போல்ட் பளபளவென்று இருக்கும், துளை இன்னும் பெரிதாகும்.


செந்தூல்_டீசல்

அப்படியென்றால் என் வண்டியில் ஏன் ஒன்றும் ஆகவில்லை? புத்தகக் கணக்கு வேறு, ரோட்டில் நடப்பது வேறு என்று நினைக்கிறேன்.


சுங்கைபெசி_பூச்சு

நியாயமான கேள்வி அண்ணே. உங்கள் வண்டி செந்தூலில் ஓடுகிறது. கோலாலம்பூரில் மழை அதிகம்தான், ஆனால் மழைத் தண்ணீர் உப்புத் தண்ணீர் அளவுக்கு மின்சாரம் கடத்தாது. உப்பு இல்லாத இடத்தில் இந்த அரிப்பு மிக மெதுவாக நடக்கும். நீங்கள் துளைக்குப் பெயிண்ட் தொட்டிருந்தால் இன்னும் நல்லது. தம்பியின் வண்டி கடலில் இறங்குகிறது. அதே போல்ட், வேறு ஊர், வேறு முடிவு.

சாதாரண வெள்ளி நிற ஸிங்க் போல்ட் போடலாமா என்றால், ஸிங்க் முதலில் தான் கரைந்து பக்கத்து இரும்பைக் காப்பாற்றும், நல்ல குணம்தான். ஆனால் கடையில் கிடைக்கும் போல்ட்டில் அந்தப் பூச்சு 5 முதல் 8 மைக்ரான் வரைதான் இருக்கும். கடற்கரையில் அது நெடுநாள் தாங்காது. பிறகு போல்ட் பழையபடி சிவக்கும், அடுத்த முறை கழற்றும்போது இதே பாடு.

ஆகவே ஸ்டெயின்லெஸ்தான் போடச் சொல்வேன், ஆனால் தகரத்தை அது தொடக் கூடாது. துளை விளிம்பில் பெயிண்ட், போல்ட்டுக்கு நைலான் தோள் வாஷர் (துளைக்குள் இறங்கும் கழுத்து உள்ளது), நட் பக்கம் நைலான் வாஷரும் அதற்கு மேல் அகல வாஷரும், எல்லாவற்றிலும் கிரீஸ். கடலுக்கு ஏ4 என்று முத்திரை உள்ளதை வாங்குங்கள், அதுதான் 316 ரகம். சாதாரணமாகக் கொடுப்பது ஏ2. மரையில் ஆன்டி சீஸ் (மரை பிடித்துக்கொள்ளாமல் தடுக்கும் பசை) தடவாமல் பூட்டாதீர்கள். ஸ்டெயின்லெஸ் நட்டும் ஸ்டெயின்லெஸ் போல்ட்டும் உரசிச் சூடானால் மரை ஒன்றோடொன்று ஒட்டிப் பிடித்துவிடும். பிறகு அறுத்துத்தான் எடுக்க வேண்டும். மெஷின் வேண்டாம், கையால் பூட்டுங்கள்.


தஞ்சோங்பூங்கா_டிஃபெண்டர் (பினாங்கு)

மேலே சொன்னதை என் வண்டியில் கண்ணால் பார்க்கிறேன். லேண்ட் ரோவர் டிஃபெண்டரின் ஃபெண்டர் அலுமினியம். கம்பெனி, சக்கர வளைவுப் பட்டையைப் பிளாஸ்டிக் ரிவெட்டால்தான் பூட்டியது. எனக்கு முன்னால் யாரோ ‘பலமாக இருக்கட்டும்’ என்று ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ போட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு ஸ்க்ரூவைச் சுற்றியும் பெயிண்ட் தூக்கிக்கொண்டு, உள்ளே வெள்ளைத் தூளாக அலுமினியம் கரைந்துபோயிருக்கிறது. மழையில் மட்டும் நிற்கும் பக்கத்தைவிட, கடற்கரைச் சாலையில் ஈரம் அடிக்கும் பக்கம் மோசம். பிளாஸ்டிக் ரிவெட்டுக்கே திரும்பிவிட்டேன். விலை குறைவு, வெயிலில் சில வருடத்தில் உடையும், உடைந்தால் புதிதாகக் குத்திக்கொள்வேன்.


பிறை_பட்டறை

தம்பி, துளைகளுக்கு வருவோம். ஒரு மழுங்கிய ஸ்க்ரூடிரைவரை எடுத்து, துளையிலிருந்து வெளிப்பக்கமாகக் குத்திக்கொண்டே போங்கள். தகரம் எங்கே கெட்டியாக ஓசை கொடுக்கிறதோ அங்கே பென்சில் கோடு போடுங்கள். அந்தக் கோட்டுக்குள் இருப்பதை எல்லாம் போனதாக வைத்துக்கொள்ளுங்கள்.

மேல் வரிசைத் துளைகளுக்கு வெல்டிங் தேவையில்லை. கம்பி பிரஷ்ஷும் 80-ஆம் நம்பர் சாண்ட் பேப்பரும் போட்டு வெள்ளி நிற இரும்பு தெரியும்வரை எடுங்கள். குழிக்குள் கறுப்பாக நிற்கும் துருவைப் பேப்பர் எடுக்காது. பாஸ்பாரிக் ஆசிட் உள்ள ரஸ்ட் கன்வெர்ட்டரைத் தூரிகையால் தொட்டு வையுங்கள். அது துருவை இரும்பு பாஸ்பேட்டாக மாற்றி, கறுப்புச் சாம்பல் நிறத்தில் இறுகும். டப்பாவில் கழுவச் சொல்லியிருந்தால் கழுவுங்கள், காய வையுங்கள். உரியும் செதில்மேல் கன்வெர்ட்டரை ஊற்றினால் மேல் செதில் மட்டும் மாறும், அடியில் துரு உயிரோடு இருக்கும். ஆகவே தேய்க்கும் வேலையைக் குறைக்காதீர்கள்.

அடுத்து எப்பாக்ஸி பிரைமர். பினாங்கு ஈரக்காற்றில் வெறும் இரும்பை இரவு முழுக்க விட்டால் காலையில் மஞ்சள் பூத்திருக்கும். காலையில் தேய்த்தால் அன்றைக்கே பிரைமர் அடித்துவிட வேண்டும். செப்டம்பர், அக்டோபர் மழை நமக்குக் கடுமை, அந்த நேரத்தில் கூரை இல்லாமல் இந்த வேலையைத் தொடாதீர்கள். துளையின் உள்விளிம்புக்கு ஸ்ப்ரே எட்டாது. காது குடையும் பஞ்சுக்குச்சியைப் பிரைமரில் தொட்டு, துளைக்குள் விட்டு ஒரு சுற்று சுற்றி எடுங்கள். காய்ந்ததும் இன்னொரு தடவை. பிறகு கலர் பெயிண்டும் அதே குச்சியால். இந்த மொத்த வேலையிலும் இதைவிட முக்கியமான இடம் வேறு கிடையாது.

தின்றுபோன இரண்டு துளைகளுக்கு வெட்டி ஒட்டித்தான் ஆக வேண்டும். நல்ல தகரம்வரை வெட்டி, அதே கனத்தில், அதாவது ஒரு மில்லிக்குச் சற்றுக் குறைவான தகரத்தில் துண்டு வெட்டி, விளிம்போடு விளிம்பு பொருந்த வைத்துப் புள்ளி புள்ளியாக வெல்ட் அடிக்க வேண்டும். ஒரே இழுப்பாக அடித்தால் பக்கமெல்லாம் நெளிந்துவிடும். பேட்டரி வயரைக் கழற்றாமல் வெல்டரை வண்டியில் வைக்க விடாதீர்கள். ஓட்டைமேல் புட்டி பூசித் தருகிறேன் என்று சொல்லும் கடைக்குப் போக வேண்டாம். புட்டி தண்ணீரை உறிஞ்சும். அதில் போல்ட் இறுக்கினால் பொடியும்.


தெலுக்கும்பார்_ஹைலக்ஸ்

புரிந்தது அண்ணே. வெல்டிங்குக்குத் தெரிந்த ஸ்ப்ரே பட்டறையில் பேசிவிட்டேன், மற்றதை நானே செய்கிறேன். இன்னொன்று. மேல் வரிசையில் சில துளைகளுக்கு உள்பக்கம் கை போகவில்லை, இரட்டைத் தகரத்துக்கு நடுவில் இருக்கிறது. பழைய நட் உள்ளே விழுந்து கடகடக்கிறது. அங்கே ரிவ்நட் (வெளியிலிருந்தே தகரத்தில் கவ்வ வைக்கும் நட்) போடலாமா?


செந்தூல்_டீசல்

ரிவ்நட் போடுங்கள். அதைப் பூட்டும் கன் இருந்தால் சீக்கிரம் முடிந்துவிடும்.


பிறை_பட்டறை

நல்ல தகரமாக இருந்தால் நானும் அதையே சொல்வேன். இங்கே வேண்டாம். ரிவ்நட் தகரத்தைக் கவ்விப் பிடிக்கும்போது நாம் குச்சியால் தொட்டு வைத்த பெயிண்டை நசுக்கிவிடும். மெலிந்த தகரத்தில் பிடியும் சரியாக நிற்காது. அடுத்த தடவை போல்ட் இறுகினால் ரிவ்நட்டே சேர்ந்து சுற்றும், உள்ளே வைஸ் கிரிப் போடவும் வழி இருக்காது.

வெல்நட் என்று ஒன்று இருக்கிறது. ரப்பர் உருளை, அதன் அடியில் பித்தளை மரை. துளைக்குள் தள்ளிவிட்டு போல்ட்டைத் திருகினால், உள்ளே ரப்பர் பிதுங்கிக் குமிழாகி தகரத்தைப் பிடித்துக்கொள்ளும். போல்ட் தகரத்தைத் தொடாது, தண்ணீர் உள்ளே போகாது, பெயிண்டும் தேயாது, அதிர்வும் குறையும். ஃபிளேர் எடை குறைந்த பொருள், அதைத் தாங்க இதன் பிடி தாராளம். துளையைக் கொஞ்சம் பெரிதாக்க வேண்டி வரும். பெரிதாக்கினால் விளிம்புக்குத் திரும்பவும் பிரைமர், மறக்க வேண்டாம். உள்ளே கிடக்கும் நட்டைக் காந்தம் விட்டு எடுத்துவிடுங்கள், ஈரத்தோடு அங்கேயே கிடந்து துருவைப் பரப்பும்.


சுங்கைபெசி_பூச்சு

வெல்நட்டுக்கு என் ஓட்டும். ரப்பர் நடுவில் வந்துவிட்டால் நான் மேலே சொன்ன ஸ்டெயின்லெஸ் பயமே இல்லை. ரப்பரில் பெட்ரோலிய கிரீஸ் தடவாதீர்கள், நாளடைவில் ஊதிவிடலாம். சிலிக்கான் கிரீஸ் போடுங்கள்.


ஜெலுத்தோங்_வாசகன் (பினாங்கு)

இவ்வளவு பாடுபடுவதைவிட ஃபிளேரைத் தூக்கிப் போட்டுவிட்டு, துளைகளை வெல்ட் வைத்து மூடிப் பெயிண்ட் அடித்துவிட்டால் என்ன? பாதி வண்டிகளில் இந்த ஃபிளேர் சும்மா அழகுக்குத்தானே இருக்கிறது.


கெப்போங்_எண்பது

அழகுக்கு மட்டும் என்றால் நானும் அதையே சொல்வேன். தம்பியின் வண்டியில் அகல டயர் இருக்கிறது. ஃபிளேரை எடுத்தால் டயர் பாடியைத் தாண்டி வெளியே நிற்கும். ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) சாலைத் தடுப்பில் நிறுத்தினால் கண்ணுக்கு முதலில் படுவது அதுதான். பின்னால் மோட்டார் சைக்கிளில் வருபவர் முகத்தில் கல்லும் சேறும் அடிக்கும், அதை நினைத்தாவது மூட வேண்டும். நாளைக்கு வண்டியை விற்று, பெயர் மாற்றத்துக்குப் பி5 பரிசோதனைக்கு ஓட்டிப்போனாலும் கேள்வி வரும். ஃபிளேர் வேண்டாம் என்றால் டயரையும் ரிம்மையும் கம்பெனி அளவுக்கு மாற்ற வேண்டும். அந்தச் செலவை நினைத்தால் இந்த வேலை ஒன்றுமே இல்லை.


தெலுக்கும்பார்_ஹைலக்ஸ்

அக்கா சொல்வதுதான் சரி. ஃபிளேர் இருக்கட்டும்.

வெல்டிங் முடிந்து வண்டி வந்துவிட்டது, துண்டு வைத்த இடம் தெரியவே இல்லை. எப்பாக்ஸி, கலர் எல்லாம் அடித்துக் காய வைத்திருக்கிறேன். பஞ்சுக்குச்சி வேலையையும் சொன்னபடியே செய்தேன். இனிப் பூட்ட வேண்டும். தண்ணீர் போகாமல் ஃபிளேர் ஓரம் முழுக்க சிலிக்கான் வைத்து மூடிவிடலாம் என்று நினைக்கிறேன். ஹார்டுவேர் கடையில் ஒரு டியூப் வாங்கி வைத்திருக்கிறேன்.


கெப்போங்_எண்பது

அந்த டியூப்பைத் திறந்து முகர்ந்து பாருங்கள். வினிகர் மாதிரிப் புளித்த வாசம் அடித்தால் வண்டியில் வைக்க வேண்டாம். அந்த வகை காயும்போது அசிட்டிக் ஆசிட் வெளிவிடும், இரும்பில் அதுவே துருவைத் தொடங்கி வைக்கும். குளியலறைக் கண்ணாடிக்கும் மீன் தொட்டிக்கும் அது நல்லது. வண்டிக்கு பாலியூரிதேன் சீலன்ட் அல்லது நியூட்ரல் என்று எழுதியிருக்கும் சிலிக்கான் பாருங்கள்.

ஓரம் முழுக்க மூடவே மூடாதீர்கள். எப்படி மூடினாலும் எங்காவது ஒரு முடி அளவு இடைவெளியில் தண்ணீர் உள்ளே போகும். வெளியே வர வழி இல்லையென்றால் பழையபடி மண்ணும் ஈரமும்தான். மேல் வளைவில் மட்டும் மெல்லிய ஒரு கோடு வையுங்கள். இரண்டு கீழ் முனையும் திறந்தே இருக்கட்டும், ஹோஸ் வைத்து அடித்தால் ஒரு பக்கம் போய் இன்னொரு பக்கம் வர வேண்டும். அந்தப் பஞ்சு டேப்பைத் திரும்ப ஒட்டாதீர்கள். ஓரத்துக்கு ரப்பர் பட்டைதான் சரி.


பிறை_பட்டறை

அக்கா சொன்னதில் ஒரு வரிகூட விட வேண்டாம். நான் சேர்ப்பது இறுக்கத்தைப் பற்றி மட்டும்.

பிளாஸ்டிக் வெயிலில் இரும்பைவிடப் பல மடங்கு விரியும். ஒரு மீட்டர் நீள ஏபிஎஸ் ஃபிளேர், காலைக் குளிரிலிருந்து நடுப்பகல் வெயிலில் கறுப்பாகக் காயும்போது 40 டிகிரி ஏறினால் ஏறத்தாழ 3 மில்லி நீளும். கீழே இருக்கும் தகரம் அரை மில்லிகூட நீளாது. எல்லா போல்ட்டையும் இறுக்கமாக முறுக்கினால் அந்த 3 மில்லிக்குப் போக இடமில்லாமல் துளையைச் சுற்றி பிளாஸ்டிக் விண்டுவிடும். நடுப் போல்ட் துளை சரியான அளவில் இருக்கட்டும். இரண்டு ஓரத்துப் போல்ட் துளைகளை ஃபிளேரில் மட்டும் அரத்தால் கொஞ்சம் நீளவாக்கில் ராவி விடுங்கள். தகரத்தில் கை வைக்காதீர்கள். அகல வாஷர் போட்டு, எல்லாவற்றையும் விரலால் ஏற்றி, நடுவிலிருந்து இரு பக்கமும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். வாஷர் கையால் சுற்ற முடியாமல் நின்றால் போதும். நைலாக் நட் (உள்ளே நைலான் வளையம் உள்ள நட்) போட்டால் லூசாகும் என்ற பயமும் இல்லை.

இன்னொரு பழக்கம் வேண்டும். வருடத்துக்கு ஒரு தடவை, மழைக் காலம் தொடங்கும் முன், ஃபிளேரைக் கழற்றி மண்ணைக் கழுவிவிட்டு, வளைவின் உள்மடிப்பில் கேவிட்டி வேக்ஸ் (துருத் தடுப்பு மெழுகு) அடித்துத் திரும்பப் பூட்டுங்கள். இப்போது கழற்றுவது சுலபமாகிவிட்டது, சாக்கு சொல்ல முடியாது.


செந்தூல்_டீசல்

இவ்வளவும் படித்த பிறகு என் வண்டியிலும் ஒரு பக்கத்தைக் கழற்றிப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். ஆனால் வருடா வருடம் கழற்றுவது அதிகம் என்பேன். கழற்றக் கழற்ற பிளாஸ்டிக் துளை தேயும். உள்ளூரில் ஓடும் வண்டிக்கு ஹோஸ் வைத்து நன்றாக அடித்தால் போதாதா?


பிறை_பட்டறை

உங்கள் வண்டிக்குப் போதும் அண்ணே. கடலில் இறங்கும் வண்டிக்குப் போதாது. ஹோஸ் தண்ணீர் மேல் மண்ணைத்தான் தள்ளும், மூலையில் இறுகிய மண்ணைக் கையால்தான் எடுக்க வேண்டும்.


புக்கிட்மெர்தாஜாம்_கெம்பாரா (பினாங்கு)

அருமையான இழை. என்னிடம் பழைய பெரோடுவா கெம்பாரா வண்டி, அதற்கும் இதே வேலை வரப்போகிறது. இங்கே இரண்டு ஹார்டுவேர் கடையில் வெல்நட் கேட்டேன், அப்படி ஒன்றே தெரியாது என்கிறார்கள். எங்கே வாங்கினீர்கள்?


தெலுக்கும்பார்_ஹைலக்ஸ்

மோட்டார் சைக்கிள் பாகம் விற்கும் கடையில் கேளுங்கள் அண்ணே. பெரிய மோட்டாரின் முன் விண்ட்ஷீல்டைப் பூட்ட இதைத்தான் போடுவார்கள், ‘விண்ட்ஷீல்ட் ரப்பர் நட்’ என்றால் எடுத்துத் தருவார்கள். பெரும்பாலும் 5 மில்லிதான் தருவார்கள், அது நமக்குச் சின்னது. உங்கள் போல்ட் ஒன்றைக் கையோடு கொண்டுபோய் மரையில் திருகிப் பார்த்து வாங்குங்கள். ரப்பரின் கழுத்து நீளத்தையும் பாருங்கள், ஃபிளேரும் தகரமும் சேர்ந்த கனத்துக்குக் குறைவாக இருந்தால் உள்ளே பிதுங்காது.